குற்றாலத்தில் நாலு பேர் மாநாடு

தென்காசி ஸ்டேஷனில் நான் இறங்கியது வெள்ளிக்கிழமை காலை. அங்கிருந்து குற்றாலம் மூன்றரை மைல். பஸ்ஸில் இருபது காசு. சாரல், அருவி, குரங்கு, நன்னாரி சர்பத் இவற்றைப் பற்றியெல்லாம் எழுத ஊரில் ஆள் இருக்கிறது. நான் எழுத வந்தது மூன்றாம் நாளான ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. அன்றோடு எங்கள் மாநாடு முடிந்தது.

மாநாடு என்றதும் பந்தலையும் ஒலிபெருக்கியையும் நினைத்துவிட வேண்டாம். நாலே பேர். நாளுக்கு மூன்று ரூபாய் வாடகையில் லாட்ஜில் ஓர் அறை. வாசலில் காடாத் துணியில் ‘சித்திரக்கதை மாநாடு’ என்று சிவப்பு மையில் எழுதித் தொங்கவிட்டிருந்தோம். லாட்ஜ் மானேஜர் முதல் நாளே வந்து அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “சார், நீங்க எந்தக் கட்சி?” என்று கேட்டார். “படம் போடுற கட்சிண்ணே” என்றான் கோபால். அவர் நம்பவில்லை. மூன்று நாளும் எங்களை ஒரு மாதிரியாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு வாரப் பத்திரிகையின் பேனா நண்பர்கள் பகுதியில் முகவரி பார்த்து எழுதிக்கொண்டவர்கள்; நேரில் முகம் பார்த்தது குற்றாலத்தில்தான். தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சண்முகவேல், பாளையங்கோட்டையில் டிராயிங் மாஸ்டராக இருக்கும் மரியதாஸ், மதுரையில் சினிமாத் தட்டி வரையும் கோபால், நான். ஆறு வருடங்களாக ‘நாற்சந்தி’ என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். அதில் ஒரே ஒரு தொடர் சித்திரக்கதை. உலகத்தில் அதற்கு ஒரே ஒரு பிரதி. ஒருவர் நாலு பக்கம் வரைந்து, துணியில் சுற்றித் தைத்து, ரிஜிஸ்டர் தபாலில் அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். ஆளுக்குப் பத்து நாள் கெடு. ஆகவே நாற்பது நாளுக்கு ஒரு தடவை அது என் வீட்டுக்கு வரும்.

கதை இதுதான்: வேங்கைமுத்து என்று ஒரு குதிரை வீரன், சின்ன வயதில் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோன தம்பியைத் தேடி ஊர் ஊராகப் போகிறான். வேறொன்றும் பெரிதாகக் கிடையாது. போகிற ஊரில் எல்லாம் ஒரு சண்டை வரும். கோபால் வரைந்தால் நடுவில் ஒரு ராணியும் வருவாள்.

நான் பரமக்குடியில் சர்வே ஆபீஸில் வரைபடம் போடுகிறவன். வயது முப்பத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று கேட்கிறவர்களும் இப்போது கேட்பதை விட்டுவிட்டார்கள். ஆபீஸுக்கு வரும் காகிதம் தவிர எனக்கு வேறு தபால் வருவதில்லை; சிநேகிதர்கள் கடிதமும் பார்சலுக்குள்ளேதான் வரும். தபால்காரர் என் வாசலில் சைக்கிளை நிறுத்துவது நாற்பது நாளுக்கு ஒருமுறைதான். அந்த நாளில் அவருக்குக் காப்பி போட்டுக் கொடுப்பேன். இதை வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தப் பயணம் எதற்கு என்று உங்களுக்குப் புரியாது.

கோபாலுக்கு ஆவணியில் கல்யாணம். பிறகு மெட்ராஸ் போகிறான். மரியதாஸை ஹாஸ்டலுக்கு வார்டனாகப் போட்டுவிட்டார்கள். சண்முகவேலின் அப்பா கடையை மகன் கையில் கொடுத்துவிட்டுக் கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முறைக்கிறார். மூவருமாகக் கலந்து, இந்தச் சாரலில் குற்றாலத்தில் கூடிக் கதையை முடித்துவிடுவோம் என்று எனக்கு எழுதினார்கள். முறைப்படி கடைசி நாலு பக்கம் என்னுடையது. வரைந்து எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். நான் வெள்ளைக் காகிதத்தைத்தான் எடுத்து வந்திருந்தேன். “உங்க முன்னாடி வரையணும்னு ஆசை” என்று வெள்ளிக்கிழமை சொன்னேன். “சாரல்ல காகிதம் நமுத்துக் கிடக்கு, மை ஊறுது” என்று சனிக்கிழமை சொன்னேன். சனிக்கிழமை சொன்னது நிஜம். வெள்ளிக்கிழமை சொன்னது பச்சைப் பொய். கதை முடிந்தால் பார்சல் வராது; எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

ஞாயிறு காலை 5.30

மலை முழுக்க மேகத்துக்குள் போய்விட்டது. லாட்ஜிலிருந்து இறங்கி வரும்போது ஒரு ஜட்காக்காரர் வழிமறித்தார்.

“அஞ்சருவியா? ரெண்டு ரூவா.”

“அண்ணாச்சி, நானும் தென்காசிக்காரன்தான். மூணு மைலுக்கு ரெண்டு ரூவாயா?” என்றார் சண்முகவேல்.

“தென்காசிக்காரருன்னா சீசன்ல குதிரை கம்மியாத் திங்குமா?”

ஒன்றரைக்கு முடிந்தது. வண்டியில் ஏறியதும் குதிரையைப் பற்றித்தான் பேச்சு வந்தது. மூன்று வருடத்துக்கு முன் கோபால் வேங்கைமுத்துவின் குதிரையைப் பாலத்திலிருந்து விழவைத்துக் கொன்றுவிட்டான். பிரமாதமான படம். அடுத்த முறைக்காரர் மரியதாஸ். பரீட்சைத்தாள் திருத்தும் அவசரத்தில் முந்தைய பக்கங்களைப் பார்க்காமலே வரைந்திருக்கிறார். முதல் கட்டத்திலேயே வேங்கைமுத்து அதே குதிரையில் ஜம்மென்று போய்க்கொண்டிருந்தான்.

“செத்த குதிரையை எப்படி வாத்தியாரே எழுப்புனீங்க?” என்றான் கோபால்.

“நம்ம வேதத்துல மனுசனே எந்திரிச்சிருக்காம்வே. குதிரை எந்திரிக்கக் கூடாதா?” என்றார் மரியதாஸ்.

ஜட்காக்காரர் வாரைப் பிடித்தபடி திரும்பித் திரும்பிப் பார்த்தார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. இவர்கள் ஒவ்வொருவரும் சிரிக்கும்போது எப்படி இருப்பார்கள் என்று ஆறு வருடமாகக் கற்பனை செய்து வைத்திருந்தேன். மூன்று பேரும் நான் நினைத்ததற்கு வேறு மாதிரி சிரித்தார்கள். மரியதாஸ் சத்தமே இல்லாமல் சிரிக்கிறவர். கடிதத்தில் அவர்தான் அதிகம் ஆர்ப்பாட்டம் செய்கிறவர்.

காலை 6.30

ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துவிட எட்டணா. என்னைத் தேய்த்த ஆள் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, “சாருக்கு உடம்பெல்லாம் கல்லு மாதிரி இருக்கு, ஆரும் புடிச்சுவிடுததில்லையோ?” என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

அருவிக்குள் போய்த் தலையைக் கொடுத்தால் அப்புறம் காது கிடையாது. தண்ணீர் மண்டையில் மடார் மடாரென்று விழுகிறது. இரண்டு பக்கமும் சிநேகிதர்கள். என் தோளும் மரியதாஸ் தோளும் இடித்துக்கொண்டிருந்தன. மூன்று நாளாகத் தொண்டையில் நின்றதை அப்போது வாய்விட்டுச் சொன்னேன். “முடிக்க வேண்டாம். இன்னொரு கதை தொடங்குவோம். எனக்கு வேற யாரும் இல்லை” என்று உரக்கவே சொன்னேன். எனக்கே கேட்கவில்லை.

மரியதாஸ் என் வாய் அசைவதைப் பார்த்திருக்க வேண்டும். வெளியே வந்து துவட்டும்போது, “உள்ள என்னமோ சொன்னீரே, என்னவே?” என்று கேட்டார்.

“தண்ணி ஜோரா இருக்குன்னு சொன்னேன்.”

“இருக்காதா பின்ன!” என்று அவர் துண்டை உதறினார். இத்தனைக்கும் அவர் கேட்டது தெளிவாக, நிதானமாக, கரையில் நின்று. சொல்ல நல்ல இடம். விட்டுவிட்டேன்.

காலை 9.30

படம் போடுகிறவர்கள் குற்றாலம் வந்தால் சித்திர சபைக்குப் போகாமல் ஊர் திரும்பக் கூடாது. கோயிலிலிருந்து கொஞ்ச தூரம், முன்னால் தெப்பக்குளம். உள்ளே சுவர் தெரியாமல் ஓவியம். ஈரம் பட்டுச் சில இடத்தில் தெய்வங்களுக்கு முகம் போய்விட்டது. முனிவர் ஒருவர் இருந்த இடத்தில் தாடி மட்டும் நிற்கிறது.

கோபால் மூக்கு சுவரில் உரசுகிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தான். “இது ஒரே ஆள் போட்டதில்லண்ணே. இந்தக் கையைப் பாருங்க, விரல் நீளம். அந்தக் கை குட்டை. நம்ம நோட்டு மாதிரி பல பேர் போட்டிருக்காங்க” என்றான்.

எங்கள் நோட்டில் அது நன்றாகவே தெரியும். வேங்கைமுத்துவின் கன்னத்துத் தழும்பு மதுரையில் இடப்பக்கம், தென்காசியில் வலப்பக்கம். சண்முகவேலின் வில்லன்கள் அத்தனை பேருக்கும் அவர் கடைக் கணக்குப்பிள்ளையின் முகம். என் பக்கங்களில் வேங்கைமுத்து எங்கே நின்றாலும் மூலையில் வடக்கு திசைக்கு அம்புக்குறி இருக்கும், தொழில் புத்தி.

“இவங்கள்லாம் வேலை முடிஞ்சதும் எங்கன போயிருப்பாங்க?” என்று சண்முகவேல் கேட்டார்.

“அடுத்த கோயிலுக்கு” என்றார் மரியதாஸ்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அந்த இடத்தில் நிற்கப் பிடிக்கவில்லை. குளத்துப் படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் மூவரும் அரைமணி நேரம் உள்ளேயே இருந்தார்கள். பேசுகிற சத்தம் வெளியே கேட்டுக்கொண்டிருந்தது.

பகல் 12.00

அறையைக் காலி செய்தோம். காடாத் துணியை அவிழ்த்துக் கோபால் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டான். பஸ் பிடித்துத் தென்காசி. அங்கே சாரல் இல்லை, காற்று மட்டும். பிளந்து நிற்கிற கோயில் மொட்டைக் கோபுரத்துக்கு அடியில் நடந்தபோது காற்று எங்கள் வேட்டியைப் படாத பாடு படுத்தியது.

சண்முகவேல் வீட்டில் சாப்பாடு. அவர் மனைவி காந்திமதி சொதி வைத்து, இஞ்சிப் பச்சடி அரைத்து, உருளைக்கிழங்கு வறுத்திருந்தார். சொதி என்று அந்தப் பக்கத்தில் சொல்வது தேங்காய்ப்பாலில் காய்கறி போட்ட மஞ்சள் குழம்பு. பரமக்குடி ஓட்டலில் பதினைந்து வருடமாக ஒரே சாம்பாரைச் சாப்பிடுகிற நான் மூன்று தடவை கேட்டு வாங்கினேன். காந்திமதி எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கதவோரமாக நின்று, யாரும் எதிர்பாராதபடி என்னைப் பார்த்துக் கேட்டார்:

“அண்ணாச்சி, அந்தத் தம்பி உசிரோட இருக்கானா?”

எனக்கு விளங்கவில்லை. “எந்தத் தம்பிம்மா?”

“வேங்கைமுத்து தம்பி.”

சண்முகவேல் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. “ஏட்டி, நீ அதைப் படிக்கியா?”

“ஆறு வருசமாப் படிக்கேன். பார்சல் வந்தா நீங்க காலைல கடைக்குப் போன பெறவு எடுத்துப் படிச்சிட்டு, அதே இடத்துல வச்சிருவேன்.”

“எங்கிட்டச் சொல்லவே இல்லையே?”

“நீங்க கேட்டீகளா?”

மரியதாஸ் சத்தமில்லாமல் சிரித்தார். காந்திமதி சிரிக்கவில்லை. “மூத்தவ அப்பக் கைப்பிள்ளை. இப்ப ரெண்டாங்கிளாஸ் போறா. அத்தனை வருசமா அவன் அலையுதான் அண்ணாச்சி. கிடைச்சானா, செத்தானா, ஏதாவது ஒண்ணைச் சொல்லிருங்க. இவுக கதை முடியப்போகுதுன்னு சொன்னதுல இருந்து எனக்கு வேலையே ஓடல” என்றார்.

“இன்னும் வரையலம்மா. காகிதம் நமுத்துப்போச்சு” என்றேன். எனக்கே அசிங்கமாக இருந்தது.

“ஈரந்தானே? இஸ்திரிப்பெட்டி இருக்குலா.”

சொன்னதோடு நில்லாமல் அடுப்பிலிருந்து கரி அள்ளிப் போட்டு இஸ்திரிப்பெட்டியைக் காயவைத்தார். நான் கை கழுவி வருவதற்குள் என் நாலு தாளும் மொடமொடவென்று மேஜையில் கிடந்தன. தட்டிக்கழிக்க இனி ஒரு காரணமும் பாக்கி இல்லை. நாலு பேர்தான் உலகம் என்று நான் இருந்தேன். ஐந்தாவதாக ஓர் ஆள், யாரோடும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச வழியில்லாமல் ஆறு வருடம் தனியாகப் படித்திருக்கிறார். அவரைக் காக்கவைத்துக்கொண்டுதான் நான் மூன்று நாளாக நாடகம் ஆடியிருக்கிறேன்.

பகல் 1.30

வரைந்தேன். வேகமாகவும் வரைந்தேன், ஏனென்றால் அந்தப் பக்கங்கள் எனக்கு மூன்று மாதமாகவே மனதில் தயாராக இருந்தன. வேங்கைமுத்து வற்றிக் கிடக்கும் ஓர் ஆற்றங்கரைக்கு வருகிறான். அக்கரையில் ஓர் ஆள் ஏற்றம் இறைக்கிறான். தண்ணீர் கேட்கிறான் வேங்கைமுத்து. அவன் கொண்டுவந்து கொடுக்கிறான். குனிந்து வாங்கும்போது, கொடுத்தவன் காதருகே தொலைந்துபோன தம்பிக்கு இருந்த அதே மச்சம் தெரிகிறது. கடைசிக் கட்டத்தில் இரண்டு பேரும் வரப்பில் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். வசனம் ஒன்றும் இல்லை.

மூன்று பேரும் தோளுக்கு மேல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கோபால் தூரிகையைக் கழுவிக் கழுவிக் கொடுத்தான். ஒரு கட்டத்தில் சண்முகவேல், “குதிரை ரொம்ப மெலிஞ்சிருக்கே” என்றார். “ஒரு தடவை செத்ததுல்லா!” என்றார் மரியதாஸ். அந்த இரண்டு மணி நேரம்தான் எங்கள் மாநாடு. மூன்று பேருடைய மூச்சும் என் கழுத்தில் படுகிற தூரத்தில் இருக்க, என் கை தானாக ஓடியது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. முடியப்போகிறது என்பதும் ஒவ்வொரு கோட்டிலும் தெரிந்துகொண்டே இருந்தது.

மை காய்ந்ததும் நாலு பக்கத்தையும் காந்திமதி கையில்தான் முதலில் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். திரும்ப முதலிலிருந்து படித்தார். “கிடைச்சிட்டான்” என்று மட்டும் சொல்லிவிட்டு, தாள்களை நோட்டோடு சேர்த்து மேஜைமேல் வைத்துக் காப்பி போடப் போனார்.

பகல் 3.45

நோட்டு யாரிடம் இருப்பது என்று பேச்சு வந்தது. இதைப் பற்றி நான் யோசித்திருக்கவே இல்லை.

“நான் மெட்ராஸ்ல வீடு கிடைக்கிற வரைக்கும் மூணு பேரோட ஒரு ரூம்ல இருக்கப்போறேன். அங்க வச்சா வடை மடிச்சிருவானுங்க” என்றான் கோபால்.

“ஹாஸ்டல்ல நூறு பயலுக. ரெண்டு நாள் தாங்காது” என்றார் மரியதாஸ்.

“இங்கயும் பிள்ளைக கிழிச்சுப்போடும். அய்யா வேற, இந்தப் பார்சல் இனி கடைக்கு வரப்படாதுன்னு சொல்லிட்டாரு. எம்மேல கோவப்படாதீக” என்று சண்முகவேல் கையைக் கூப்பினார்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மரியதாஸ்தான் தீர்ப்புச் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். “நீரு தனிக்கட்டை. உம்ம வீட்ல கிழிக்க ஆளில்ல. நீரே வச்சுக்கிடும்.”

கோபால் கை தட்டினான். சண்முகவேல் கடையிலிருந்து புதுக் காடாத் துணி வரவழைத்துச் சுற்றி, அவரே தைத்துக் கொடுத்தார். எனக்குப் பரிசு கொடுப்பதாக மூன்று பேரும் நினைத்தார்கள். நானும் பரிசு வாங்குகிற முகத்தோடு வாங்கிக்கொண்டேன்.

மாலை 4.45

விருதுநகர் பாசஞ்சர். கோபாலும் மரியதாஸும் திருநெல்வேலி வண்டிக்கு அந்தப் பக்கத்துப் பிளாட்பாரத்தில், வழியனுப்ப வந்த சண்முகவேலும் அவர்களோடு. மதுரைக்காரனான கோபால் என்னோடு வருவான் என்று நினைத்திருந்தேன். அவன் பாளையங்கோட்டையில் ஒரு சித்தப்பாவுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிறானாம். வண்டி நகரும்போது எதிர்ப்பக்கத்தில் இருந்து மூன்று பேரும் கையாட்டினார்கள். பிறகு சண்முகவேல் என்னவோ சொல்ல, மற்ற இருவரும் அவர் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். அதோடு ஒரு கூட்ஸ் வண்டி குறுக்கே வந்து மறைத்துவிட்டது.

கடையநல்லூரில் ஒரு மிளகாய் வியாபாரி ஏறி எதிரே உட்கார்ந்தார். மடியில் இருந்த துணிப் பார்சலைப் பார்த்து என்னவென்று கேட்டார். படக்கதை என்றேன். “காட்டுங்களேன், பொழுது போவும்லா” என்றார். தையலைப் பிரித்துக் கொடுத்தேன். பக்கங்களைத் தாண்டித் தாண்டிச் சத்தம் போட்டு வாசிக்கிற மனிதர். சண்டை வந்தால் “போடுலே அவன!” என்று தொடையில் அடித்துக்கொண்டார். குதிரை செத்ததும் உச்சுக்கொட்டினார். அது அடுத்த பக்கத்தில் எழுந்து ஓடியதை அவர் கவனிக்கவே இல்லை. சங்கரன்கோவிலில் இறங்க வேண்டிய நேரத்தில் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டார்.

“நல்லாருக்கு சார். அண்ணனும் தம்பியும் சேந்துட்டாங்க. இனிமேதான சங்கதியே இருக்கு, நிலத்தை எப்படிப் பிரிப்பாங்கன்னு! அடுத்த புஸ்தகம் எப்ப வரும்?”

“நாப்பது நாள்ல” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. அவர் சந்தோஷமாக மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். என்னை மறுத்துப் பேச வண்டியில் யாரும் இல்லை.

மறுநாள் காலை பரமக்குடி வந்து சேர்ந்தேன். வைகையில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. குற்றாலத்தில் மூன்று நாளாகக் காயாத துண்டைக் கொடியில் போட்டேன். நான் முகம் கழுவி வருவதற்குள் காய்ந்துவிட்டது. பிறகு பார்சலைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நின்றேன். ஆறு வருடமாக அது மேஜைமேல் பத்து நாள் இருக்கும், போய்விடும். நிரந்தரமாக வைக்க என்று அதற்கு என் வீட்டில் ஓர் இடமே கிடையாது. அலமாரியில் வைத்துப் பார்த்தேன், சரிப்படவில்லை. டிரங்குப் பெட்டியில் வைக்க மனம் வரவில்லை. மறுபடி அந்தக் காடாத் துணியில் சுற்றித் தைத்து மேஜைமேல் வைத்தேன். இதை எழுதுகிற இன்றும் அங்கேதான் இருக்கிறது. முகவரி மட்டும் எழுதவில்லை.